மலை ஏறத் தெரிகிறது, பாட்டிலை இறக்கத் தெரியவில்லை

குடிப்பதைப் பற்றி நான் பேச வரவில்லை. குடித்துத் தொலையுங்கள், உங்கள் காசு, உங்கள் ஈரல். ஆனால் முழு பாட்டிலைச் சமணமலை மேல்வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிற தோளுக்கு, காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர மட்டும் என்ன வலி? சரி, முடியவில்லை, ஓரமாக வைத்துவிட்டாவது வந்து தொலையலாமே. அதுவும் கிடையாது. பாறையில் ஓங்கி அடித்துச் சில்லு சில்லாகச் சிதறவிட்டால்தான் இவர்களுக்கு ஏறிய ஏற்றம் பூர்த்தியாகும்.

மதுரைக்காரர்களுக்கு இடம் சொல்ல வேண்டியதில்லை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளத்துச் சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சமணர்களின் குருமார்களான தீர்த்தங்கரர்கள், கூடவே சமணத் துறவி பாகுபலி. எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் பார்த்தவை. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடித்தளம் மட்டும் கிடக்கிறது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகை. உள்ளே உட்கார்ந்திருக்கிற பெரிய மகாவீரரின் நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். ஆக்கினாலும் மரியாதையோடுதான் வைத்திருந்தார்கள். காலையில் ஏறினால் காற்று அப்படி வரும். இத்தனைக்கும் டிக்கெட் கவுண்டர்கூடக் கிடையாது.

இதையெல்லாம் பார்க்கத் தலையை நிமிர்த்த முடிந்தால்தானே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டம் வந்து போன பிறகு, திங்கட்கிழமை ஏறுகிறவன் கண் முழுக்கக் காலடியில்தான் இருக்க வேண்டும். செருப்பில்லாமல் ஏறுகிற கிழவிகள் இருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டுக்கு யார் ஷூ வாங்கித் தருவது?

நீலகிரியில் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் ஓர் ஏற்பாடு வந்தது. வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் வாபஸ். அவ்வளவுதான், காட்டுக்குள் போன பாட்டில் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. அதாவது யானைக்காக வராத புத்தி பத்து ரூபாய்க்கு வருகிறது.

அடுத்த கோஷ்டி ஆணியோடு வருகிறது. பாறையில் பெயர், பக்கத்தில் ஒரு இதயம், அதற்குள் இன்னொரு பெயர். சிலர் பெயின்ட் டப்பாவே கொண்டுவருகிறார்கள். முன்கூட்டியே திட்டம் போட்டுக் கடைக்குப் போய் பிரஷ் வாங்கியிருக்கிறான் பாருங்கள், அந்த உழைப்பை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாகிறது. கேட்டால் ஒருத்தன் வியாக்கியானம் சொல்கிறான்: "அந்தக் காலத்திலயும் பேரு வெட்டித்தானண்ணே வச்சிருக்காங்க!" வெட்டியிருக்கிறார்கள்தான் தம்பி. பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பத்தின் கீழே, சமண முனிவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று பழைய வட்டெழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் மாங்குளத்தில், நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி சமண முனிவருக்காகக் குகையில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததைத் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. அது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழசு. அவர்கள் ஒன்றைச் செய்துவிட்டு அதன் கீழே பெயர் போட்டார்கள். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய், அதையும் சேர்த்து எழுது.

ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பற்றித் தனியாகத் திட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்கிச் சிற்பத்தின் மடியில் உட்காரவைத்து "சிரி, சிரி" என்று போட்டோ எடுக்கிற அப்பாவை விட முடியாது. குடிகாரனையாவது போதை என்று சொல்லலாம்.

சட்டம் இல்லாமலா? தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1958-லிருந்தே இருக்கிறது. 2010-ல் திருத்தி, சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகலாம் என்று ஆக்கினார்கள். சிறைக்குப் போனவன் எவனையும் எனக்குத் தெரியாது. கம்பிக்குப் பின்னால் போவது சிற்பங்களும் படுக்கைகளும்தான். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்கிற சமணக் குகையில் கற்படுக்கைகளைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காவலர் போட முடியாத இடத்தில் கம்பிதான் போடுவார்கள், தொல்லியல் துறையைக் குறை சொல்லி என்ன? இப்படியே போனால் சமணமலைக்கும் ஒரு நாள் கதவும் பூட்டும் வரும். பாட்டில் உடைத்தவன் வேறு மலையைத் தேடிப் போய்விடுவான். விடிகாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாம் பூட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொன்றும் நெஞ்சை அறுக்கிறது. 2024-ல் அரிட்டாபட்டி மலைப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர்ப் பக்கத்துச் சனங்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். 2025 ஜனவரியில் மதுரைக்கே பேரணியாக வந்தார்கள், அந்த மாதமே ஏலம் ரத்தானது. அப்போது "மலையைக் காப்போம்" என்று ஸ்டேட்டஸ் வைக்காத மதுரைக்காரன் உண்டா? கம்பெனிக்காரன் உடைத்தால் போராட்டம், நம்ம பங்காளி உடைத்தால் வீக்கெண்டா?

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அடிவாரத்தில் கருப்பசாமி முன்னால் எவனும் பாட்டிலை உடைப்பதில்லை. எத்தனை ஏற்றியிருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் பைக் மெதுவாகிறது, பாட்டுச் சத்தம் குறைகிறது, ஒரு கை கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. தீர்த்தங்கரர் கையில் ஆயுதம் இல்லை, கண்ணையும் மூடியிருக்கிறார், அதுதான் இவர்களுக்குத் தோதாகப் போயிற்று. பேசாமல் பேச்சிப்பள்ளத்து அறிவிப்புப் பலகையைப் பிடுங்கிவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நல்ல உயரமாக ஒரு அரிவாளை நட்டுவைத்துவிடலாம்.