சர்டிஃபிகேட் மட்டும் போதுமா?
விக்கப்போற வீட்ட ஃபர்னிச்சர் போட்டு அலங்கரிச்சுத் தர்ற ஸ்டேஜர்கள்ல, சர்டிஃபிகேட் இருக்கிறவங்களைத்தான் கூப்பிடணும்னு உங்க கட்டுரையில அடிச்சு சொல்றீங்க, அதுதான் எனக்கு இடிக்குது. 1970கள்ல பார்ப் ஷ்வார்ஸ்ங்கிறவங்க இந்தத் தொழிலுக்கு ஒரு வடிவம் குடுத்த அமெரிக்காவுலயே வீடு விக்கிற ஏஜென்ட்டுக்கு பரீட்சை, லைசென்ஸ் எல்லாம் உண்டு, அதே வீட்ட அலங்கரிச்சுத் தர்ற ஸ்டேஜருக்கு ஒண்ணும் கிடையாது, அதனால ஆளாளுக்கு ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சு பேருக்குப் பின்னாடி நாலு எழுத்து போட்டுக்கலாம். சில நாள் கிளாஸ்ல கலரும் சோஃபா எங்க போடணும்ங்கிறதும் வந்துடும், ஆனா கான்ட்ராக்ட் எழுதுறது, குடோன் சரக்கு கணக்கு, மாடிப்படியில ஏத்தும்போது சுவர் பேந்தா யார் பொறுப்பு, வீடு விக்காம மாசக்கணக்கா இழுத்தா ஃபர்னிச்சர் வாடகை யார் தலையில, இதெல்லாம் சீனியர்கிட்ட எடுபிடியா நின்னாதான் புரியும் (நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன், சர்டிஃபிகேட் அப்புறம்தான் வாங்கினேன், இதுவரைக்கும் ஒரு கஸ்டமரும் அத காட்டுன்னு கேட்டதில்ல). மேல கமென்ட்ல ஒருத்தர், ஸ்டேஜர்கள் எல்லாரும் ஒரே சங்கத்துல சேரணும்னு சொல்றார், சேரலாம் சார், ஆனா கோர்ஸ் விக்கிறவங்களே சங்கத்தையும் நடத்தினா யாரு யார ஃபெயில் பண்ணுவாங்க? மொதல்ல பரீட்சை வைக்கிறவங்க வேற, பாடம் நடத்துறவங்க வேறன்னு பிரிங்க, இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு மெம்பர்ஷிப் இல்லைன்னு ஒரு ரூல் போடுங்க, அப்புறம் ஒத்துமைய பத்தி பேசலாம்.