பட்டியலில் பெயர் எழுதினால் போதுமா?

2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் மியான்மருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் பொருள்களுக்கு 40 சதவீத வரி போடப்போகிறேன் என்பதுதான் சேதி. வாங்கிப் படித்த இராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங்குக்குக் கோபம் வரவில்லை, மனம் குளிர்ந்துபோனது. 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத வாஷிங்டன், பெயர் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறதே! டிரம்பைப் புகழ்ந்து பதில் எழுதினார். பொருளாதாரத் தடைகளைத் தளர்த்துமாறும் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரத்துக்குள் இராணுவத்துக்கு நெருக்கமான சில தொழிலதிபர்களும் அவர்களுடைய நிறுவனங்களும் அமெரிக்கத் தடைப் பட்டியலிலிருந்து நீங்கினர். கடிதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அமெரிக்கத் தரப்பில் விளக்கம் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது, நம்புவோம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு எரிச்சல் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கடைசிவரை பர்மாவின், அதாவது இன்றைய மியான்மரின், சில நூறு கியாட் நோட்டுகள் இருந்தன. 1962-இல் இராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் ஆலைகளையும் அரசுடைமையாக்கினார். 1964-இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த நோட்டுகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்பத்தாவும் யாரையும் கேட்கவில்லை, தூக்கியும் போடவில்லை.

நோட்டாவது போகட்டும். 1988-இல் ஜனநாயகம் கேட்டுத் தெருவில் இறங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? 2017-இல் ராக்கைன் மாநிலத்திலிருந்து வங்கதேசத்துக்கு விரட்டப்பட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு? இராணுவமே எழுதி வைத்த 2008 அரசியல் சட்டத்தின் 445-ஆம் பிரிவு, முந்தைய இராணுவ ஆட்சியாளர்கள் பதவியில் செய்த எதற்காகவும் அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. திருடனே எழுதிக்கொண்ட தீர்ப்பு. உள்ளூர் நீதிமன்றக் கதவு இப்படிச் சாத்தப்பட்ட நாட்டில் வெளியிலிருந்து வரும் தடைதான் மிஞ்சியிருக்கிற தண்டனை. அதனால் நான் தடைகளுக்கு ஆதரவானவன். ஆனால் எந்தத் தடை?

தடை என்றாலே ஏழையின் வயிற்றில் அடிப்பது என்று வாதிடும் இடதுசாரி நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். 2003-இல் அமெரிக்கா பர்மாவிலிருந்து எந்தப் பொருளையும் இறக்குமதி செய்யக் கூடாது என்று சட்டம் போட்டபோது முதலில் மூடியவை ஆயத்த ஆடை ஆலைகள். வேலை இழந்தவர்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள். ஜெனரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தமான் கடலின் யாடனா வயலிலிருந்து தாய்லாந்துக்கு எரிவாயு போய்க்கொண்டே இருந்தது, பணமும் வந்துகொண்டே இருந்தது.

2021-க்குப் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. நியூயார்க்கில் இருந்த மியான்மர் மத்திய வங்கியின் சுமார் 100 கோடி டாலரை ஜெனரல்கள் எடுக்கப் பார்த்தார்கள், அமெரிக்கா முடக்கியது. பீர் முதல் ரத்தினக்கல் வரை கைவைத்திருக்கும் இராணுவத்தின் இரண்டு பெரும் தொழில் குழுமங்கள் மீதும் தடை வந்தது. ஆனால் டாலரைக் கொண்டுவந்து கொட்டுவதில் முதலிடம் எரிவாயுவுக்கு. அதை விற்கும் அரசு நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியிலேயே தடை போட்டது. அமெரிக்கா 2023 அக்டோபர் இறுதிவரை காத்திருந்தது, அப்போதும் நிதிச் சேவைகளை மட்டும்தான் தடுத்தது. யாடனாவை நடத்திவந்த பிரெஞ்சு நிறுவனம் டோட்டல் வெளியேறியது, தாய்லாந்து அரசின் நிறுவனம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. குழாயில் எரிவாயு நிற்கவில்லை. பீர் கதை இன்னும் வேடிக்கை: மனசாட்சி உறுத்தி ஜப்பானின் கிரின் நிறுவனம் வெளியேறியதும், அதன் பங்கையும் சேர்த்து ஆலை முழுக்க இராணுவக் குழுமத்தின் வசமானது.

2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பாசிஜி என்ற கிராமத்தில் மக்கள் கூடியிருந்த இடத்தில் இராணுவ விமானம் குண்டு போட்டது. 160 பேருக்கும் மேல் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. எதிர்த்துப் போராடுபவர்களிடம் துப்பாக்கி உண்டு, டிரோன் உண்டு, போர் விமானம் கிடையாது. வானம் முழுக்க இராணுவத்துடையது. அந்த விமானத்துக்கான எரிபொருளோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். தடை போட வேண்டிய இடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே இருக்கிறது? போட்டார்கள், தாமதமாக. அதற்குள் கப்பல்கள் வியட்நாமின் சேமிப்புக் கிடங்குகள் வழியாகச் சுற்றிவரக் கற்றுக்கொண்டுவிட்டன.

தடையால் எதுவும் நடக்காது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் உதிரிப் பொருள்களும் மியான்மர் இராணுவத்துக்குப் போயிருக்கின்றன என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்கு வெளியிட்டார். ரஷ்யா, சீனாவுக்கு அடுத்த இடம் சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்களுக்கு. அரசுக்கு இதில் பங்கில்லை என்றாலும் சிங்கப்பூர் விசாரித்தது. ஆண்டுக்கு 11 கோடி டாலருக்கு மேல் இருந்த அந்த வியாபாரம் அடுத்த ஆண்டு ஏறத்தாழ ஒரு கோடிக்கு இறங்கியது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை, எந்த ஏழையும் பட்டினி கிடக்கவில்லை. வங்கிகளும் அதிகாரிகளும் தங்கள் வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான். அதே காலத்தில் தாய்லாந்து வழியாகப் போனது ஆறு கோடியிலிருந்து 12 கோடியானது. ஒரு வாசலை அடைத்தால் பக்கத்து வாசலில் பந்தல் போடுகிறார்கள். ஆனாலும் மொத்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆண்ட்ரூஸின் அந்த 2023 கணக்கில் நம் நாடும் உண்டு. 5.1 கோடி டாலர், அதில் இந்திய அரசு நிறுவனங்கள் அனுப்பியதும் அடக்கம். எல்லை இருக்கிறது, சீனா இருக்கிறது, வடகிழக்குக் கிளர்ச்சியாளர்கள் இருக்கிறார்கள் என்ற விளக்கங்கள் எல்லாம் எனக்கும் தெரியும். தடை போடுங்கள் என்று டெல்லியைக் கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக நமக்கு மக்களவையில் 40 எம்.பி.க்கள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரன் பேத்திகள் பலருடைய தொகுதிகளிலும் வாக்களிக்கிறோம். 2021-க்குப் பிறகு மியான்மர் இராணுவத்துக்கு என்னென்ன அனுப்பினோம், எந்த அனுமதியில் அனுப்பினோம் என்று எழுத்து வடிவில் கேட்டால் ஓர் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். என் தொகுதி எம்.பி.க்கு இன்று அஞ்சலில் ஒரு மனு போட்டிருக்கிறேன்.