அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாராம்!

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளாளுக்குப் பகிர்ந்தாயிற்று, நான் வேறு பகிரப் போவதில்லை. கனவைத் துரத்தும் மூன்று இளைஞர்களின் கதையான அந்தச் சித்திர நாவலை மேடையில் தூக்கிக் காட்டி, பேச்சாளர் ஒருவர் "400 பக்கம் என்று பயந்தேன், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. வரைந்தவரும் அதே மேடையில் உட்கார்ந்து, பாவம், சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அரை மணி நேரம். சரி ஐயா, எதை முடித்தீர்கள்? பேச்சுக் குமிழ்களுக்குள் இருந்த எழுத்தை முடித்தீர்கள்.

மூவரில் ஒருத்தியான அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வரையும் பக்கம் நினைவிருக்கிறதா? ஆறு கட்டங்கள். ஒரு சொல் கிடையாது, கை மட்டும்தான். முதல் கட்டத்தில் பென்சில் விரல் நீளம் இருக்கிறது. ஆறாவதில் நகத்தால் இடுக்கிப் பிடிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வேறு பென்சில் வாங்க வழியில்லை என்று எங்கும் எழுதவில்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் எத்தனை இரவுகள் போயின என்று வாசகன்தான் கணக்குப் போட வேண்டும். உங்களுக்கு அது இரண்டு விநாடிப் பக்கம்.

அப்படி ஒரு பக்கம் வரைய, முதலில் சிறு கிறுக்கலாகப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும், பிறகு பென்சில், பிறகு மை, பிறகு குமிழுக்குள் எழுத்து. ஒரு பக்கம் ஒரு நாளில் முடிந்தால் வேகமான கை என்பேன். அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன் 'மவுஸ்' என்ற தன் சித்திர நாவலை முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1992-இல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தவர்களும் அரை மணி நேரம்தான் புரட்டினார்களோ என்னவோ!

பத்தொன்பது வயதில் நானும் எட்டுப் பக்கம் வரைந்தேன். இரவு வேலை முடிந்து வந்து, நான்கு மாதம். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கிளம்பும் நேரத்தில் எச்சில் தொட்டுப் புரட்டினார். "நன்றாக இருக்கிறது. சரி, பிழைப்புக்கு என்ன செய்கிறாய்?" மூன்றாம் பக்கத்தில் மை இழுத்துக்கொண்டது. நாயகனின் முகம் இருந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை.

"அப்படியானால் விமர்சனமே கூடாதா?" என்று வருவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். கடைசி அத்தியாயத்தில் மூவருக்கும் ஒரே வாரத்தில் விடிந்துவிடுவது எனக்கும் உறுத்தியது. அதைச் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். "உழைத்த நேரத்தை வைத்தா தரத்தை அளப்பது?" நல்ல கேள்விதான். படித்த நேரத்தை வைத்து முதலில் அளந்தது யார்? "வரைய முடியாமல் போன வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். ஆமாம், எரிகிறது. அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

பேச்சை முடிக்கும்போது இன்னொன்றும் சொன்னாரே, "இந்தக் கஷ்டம் இல்லாவிட்டால் இந்தக் கலை வந்திருக்காது" என்று. கேட்க எவ்வளவு அழகு! வெறும் வயிற்றோடு வரைந்து பார்த்திருக்கிறீர்களா? கை நடுங்கும், கோடு வளையும், அவ்வளவுதான். பாட ஆசைப்பட்ட அந்தப் பையனைக் கஷ்டமா பாடகனாக்கியது? மூன்று ஆண்டுகள் அவனை வாய் திறக்கவிடாமல் செய்தது. இது படத்தில்கூட இல்லை ஐயா, எழுத்தில் இருக்கிறது. அதையுமா தாண்டிவிட்டீர்கள்?

புத்தகத்தை இரவல் கேட்டு நேற்றிலிருந்து ஏழு பேர் எழுதிவிட்டீர்கள். தருகிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.