கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதுமா?

இன்ஜினின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது, இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டைத்தான்; அதுவும் வெளி நிறுவனங்கள் தயாரிக்கும் ஆஃப்டர்மார்க்கெட் ரகத்தை. அன்றாடம் சாலையில் ஓடும் வண்டிக்கு, வேறெதையும் தொடாமல் அதை மட்டும் வாங்கி மாட்டுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று), பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு அரைச்சுற்று சுற்ற 5 மில்லிவினாடிதான் ஆகிறது. அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும் என்பதால், இத்தகைய கேம்ஷாஃப்ட் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைக் கூடுதல் நேரம், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரும் திறந்தே வைத்திருக்கிறது. அதிக வேகத்தில் காற்று தன் உந்தத்தாலேயே தொடர்ந்து உள்ளே பாய்வதால் இது பலன் தருகிறது. ஆனால் 2000 ஆர்பிஎம்மில் அந்த உந்தம் இருப்பதில்லை. உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடுவதால், கம்ப்ரஷனும் பிக்கப்பும் குறைகின்றன.

சக்தி என்பது டார்க்கும் (திருப்புவிசை) சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கம். 4000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 63 கிலோவாட். 6000 ஆர்பிஎம்மில் 140 நியூட்டன் மீட்டரே கிடைத்தாலும் 88 கிலோவாட். விளம்பரங்களில் வரும் பெரிய எண் இப்படித்தான் உருவாகிறது. அது பொய்யல்ல, ஆனால் நெரிசலில் வண்டி ஓட்டும் எவரும் அந்த 6000 ஆர்பிஎம்மைத் தொடுவதே இல்லை.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) அதிகமான கேம்ஷாஃப்டைப் பொருத்திய பிறகு, ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் காலம்) கூடியதால் ஐடிலிங்கில் இன்ஜின் நடுங்கியது. பிரேக்கை அழுத்த உதவும் இன்ஜின் வேக்குவம் குறைந்து, சிக்னலில் பிரேக் பெடல் கல்லாக இறுகியது. இரண்டே மாதங்களில் பழைய கேம்ஷாஃப்டையே திரும்ப மாட்டினேன். (ஹோண்டா 1989இல் விடெக் முறையைக் கொண்டுவந்தபோது, குறைந்த வேகத்துக்கும் அதிக வேகத்துக்கும் ஒரே தண்டில் தனித்தனி கேம்களை (வால்வைத் தள்ளும் மேடுகளை) வைத்ததன் அருமை அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.)

பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களின் நிலை வேறு. வலுவான வால்வு ஸ்பிரிங்குகள், சிலிண்டர் ஹெட் வேலை, உயர்ந்த கம்ப்ரஷன், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் ஆகியவற்றோடு சேர்த்துப் பொருத்தினால் கேம்ஷாஃப்ட் கொடுத்த பணத்துக்கு நிச்சயம் பலன் தரும். லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) கூடும்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளியை அளந்தே தீர வேண்டும். அளக்காமல் விட்டு வால்வு பிஸ்டனில் மோதினால் இன்ஜினே பாழாகிவிடும்.

வாங்குவதற்கு முன், அந்தக் கேம்ஷாஃப்ட் எந்த ஆர்பிஎம் வரம்புக்கானது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதைப் படியுங்கள். பிறகு ஒரு வாரம் உங்கள் வண்டியின் ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் பெரும்பாலும் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.