எழுத்துமுறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்

மொரீசியஸ் கவிஞரும் மொழியியலாளருமான தேவ் வீராசாமியின் நாடகங்களை உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக அலசுகிறது. மொரீசியஸ் மக்கள் பெரும்பாலும் வீட்டில் பேசும், பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழிக்கு எழுத்துமுறை அமைய அவர் பட்ட பாட்டையும் சேர்த்திருக்கலாம். 1967-லேயே அந்த மொழிக்காக வாதாடியவர்.

கிரியோலை ரோமன் எழுத்தில் ஒலிப்படி எழுதும்போது பெரிய சிக்கல் மூக்கொலிதான். உயிரெழுத்துக்குப் பின் ஒற்றை 'என்' (n) வந்தால் அந்த உயிர் மூக்கால் ஒலிக்கும், மெய் தனியாகக் கேட்காது. மெய்யும் ஒலிக்க வேண்டுமானால் இரட்டை 'என்' போட வேண்டும். அவருடைய 'தூஃபான்' (Toufann) நாடகப் பெயர் இரட்டை 'என்'னில் முடிவது அதனால்தான். ஒன்றை விட்டால் உச்சரிப்பே மாறிவிடும். 2011-இல் வந்த அதிகாரபூர்வ எழுத்துமுறையிலும் இதே வழிதான்.

2012-இல் கிரியோல் தொடக்கப்பள்ளிகளில் விருப்பப்பாடமானது. ஆனால் தமிழ், தெலுங்கு, இந்தியோடு ஒரே வரிசையில் வைத்து, பிள்ளைகள் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றாக்கிவிட்டார்கள். வீட்டுமொழியையும் மூதாதையர் மொழியையும் இப்படி மோதவிடுவது தவறு. கிரியோலுக்குத் தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டும்.