சவரன் விலை கேட்கிறோம், எந்த ஊர்த் தங்கம் என்று கேட்கிறோமா?

"சூடான்ல நடக்கறதுக்கு கடலூர்ல எதுக்குங்க கூட்டம்?" மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையம் பக்கம் நாங்கள் தெருமுனைக் கூட்டம் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. சிப்காட் புகைக்கும் என்எல்சி நிலமெடுப்புக்கும் ஆள் சேர்க்கவே படாதபாடு படும் ஊரில் இது நியாயமான கேள்விதான். மைக்கில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சூடானின் மேற்குப் பகுதி டார்ஃபூர். பிரான்ஸ் அளவுக்குப் பெரிய நிலம். ஃபூர், மசாலித், சகாவா என்று அரபு அல்லாத பல இன மக்கள் வாழும் பூமி. 2003இல் அங்கே கிளர்ச்சி வெடித்தபோது அப்போதைய அதிபர் ஒமர் அல் பஷீரின் அரசு ஜஞ்ஜாவீத் என்ற கும்பலுக்கு ஆயுதம் கொடுத்து ஏவிவிட்டது. மேலே விமானம் குண்டு போடும். கீழே குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்து ஊரைக் கொளுத்துவார்கள், கிணற்றைப் பாழாக்குவார்கள், பெண்களைச் சீரழிப்பார்கள். சண்டை, பசி, நோய் எல்லாம் சேர்த்து ஐநா கணிப்பில் சுமார் 3 லட்சம் உயிர்கள். 2013இல் அதே கும்பலை வைத்து விரைவு ஆதரவுப் படை என்று ஒன்றை உருவாக்கி, சீருடையும் சம்பளமும் கொடுத்தார்கள். அதன் தலைவர் ஹெமெட்டி எனப்படும் முகமது ஹம்தான் டகாலோ. 2023 ஏப்ரல் 15 அன்று அந்தப் படைக்கும் ராணுவத்துக்கும் நாற்காலிச் சண்டை மூண்டது. பழைய வேலை மறுபடி தொடங்கிவிட்டது. எல் ஜெனீனா என்ற ஒரே நகரில் அந்த ஆண்டு 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐநா வல்லுநர் குழு சொன்னது. பெரும்பாலும் மசாலித் மக்கள். ராணுவத்தின் கையும் சுத்தமில்லை, சந்தை நாளில் சந்தை மீது குண்டு போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்ன இனம் என்று கேட்டுக் கேட்டுக் கொன்றது விரைவு ஆதரவுப் படை. அதை இனப்படுகொலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்க அரசே அறிவித்தது.

அப்புறம் எல் ஃபாஷர், வட டார்ஃபூரின் தலைநகர். 2024 மே மாதத்திலிருந்து விரைவு ஆதரவுப் படையின் முற்றுகை. நகரத்தைச் சுற்றி மண் கரை எழுப்பி, உள்ளே உணவு போகவும் வெளியே ஆள் போகவும் விடாமல் அடைத்தார்கள். அரிசி இல்லை, தினை இல்லை என்ற நிலை வந்தபோது மக்கள் சாப்பிட்டது அம்பாஸ். கடலை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, ஆடு மாடுகளுக்குப் போடுவது.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார். கையில் மருந்துக்கடைப் பை. அதுவரை எங்கள் பிட் நோட்டீசைக்கூட வாங்காமல் போனவர். "என்னம்மா சொன்ன, கடலப் புண்ணாக்கா? மனுஷனா தின்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, குழந்தைகளுக்கும் அதைத்தான் ஊறவைத்துக் கொடுத்தார்கள் என்றேன். "பூஞ்சை புடிச்சிருந்தா மாட்டுக்கே ஆகாதே" என்றார். பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்தால் என்ன வாடை வரும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேர் ஐந்து பேரானார்கள். கடலை போடும் மாவட்டம் இது, புண்ணாக்கு என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாங்கள் பிளெக்ஸில் பெரிதாகப் போட்டிருந்த 3 லட்சம் என்ற எண்ணுக்கு யாரும் நின்றதில்லை.

அந்தப் புண்ணாக்கும் கடைசியில் தீர்ந்துபோனது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. அங்கிருந்த சவுதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. யேல் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வெளியிட்ட செயற்கைக்கோள் படங்களில் மண்ணில் செந்நிறத் திட்டுகள் தெரிந்தன.

"அது அவ்வளவு தூரம்" என்பவர்களிடம் நான் சுனாமியைத்தான் பேசுவேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினத்துக்கும் சோனாங்குப்பத்துக்கும் எத்தனை நாட்டுக்காரர்கள் வந்தார்கள்! வலை வந்தது, படகு வந்தது, வீடு வந்தது. அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு கடலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. டார்ஃபூர் எரிந்துகொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். கடல் செய்ததற்கு உலகமே ஓடிவந்தது. மனிதன் செய்ததற்கு அப்படி வரவில்லை. இயற்கைச் சீற்றத்தில் எதிரி யார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. இனப்படுகொலையில் கொல்பவன் யார், அவனுக்கு ஆயுதம் தந்தவன் யார், காசு தந்தவன் யார் என்று சொல்லியாக வேண்டும். அங்கேதான் அரசுகளின் வாய் அடைத்துப்போகிறது. அந்தப் பெயர்களைச் சொல்லும் வேலை நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களிடம் வந்து சேர்கிறது.

இதெல்லாம் கூட்டம் போட்டு நிறுத்தக்கூடியதா? 2009 நமக்கு நினைவிருக்கிறது. லண்டனில் நாடாளுமன்றத்தின் எதிரே வாரக்கணக்கில் தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டொரண்டோவில் விரைவுச்சாலையையே மறித்தார்கள். இங்கே உயிரையே கொடுத்தார்கள். முள்ளிவாய்க்காலை நிறுத்த முடியவில்லை. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அப்போது திரண்ட கோபம் ஆறவில்லை என்பதால்தான், 2012 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு டெல்லி ஆதரவாக வாக்களித்தது. 2013இல் நம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அந்த ஆண்டும் டெல்லி ஆதரித்தே வாக்களித்தது. தமிழ்நாட்டின் சத்தம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாமதம்தான், போதாததுதான். ஆனாலும் டெல்லியை அசைக்க முடியும் என்பதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது.

குறிஞ்சிப்பாடி ஈழத்தமிழர் முகாமில் இருக்கும் ஓர் அம்மாவிடம் எல் ஃபாஷர் பற்றிச் சொன்னேன். மற்றவர்கள் போல அச்சச்சோ என்று சொல்லவில்லை. "அங்கத்தைய சனத்திட்டப் போன் வேலை செய்யுதோ?" என்றுதான் கேட்டார். நகரம் விழுந்ததும் தொடர்பு அறுந்துவிட்டது என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். வன்னியில் இருந்த அவருடைய அண்ணன் கடைசியாகப் பேசியது 2009 ஏப்ரலில்.

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய டார்ஃபூர் இயக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் தொலைதூர இனப்படுகொலை ஒன்றுக்காக சாதாரண மக்கள் திரண்ட மிகப் பெரிய இயக்கங்களில் அது ஒன்று. கல்லூரி மாணவர்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், நடிகர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் பெரும் பேரணி. சூடானின் எண்ணெயை வாங்கிய சீனாவை வெட்கப்பட வைக்க, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கையே இனப்படுகொலை ஒலிம்பிக் என்று அழைத்தார்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க் தொடக்கவிழா ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார். சூடானில் தொழில் செய்த நிறுவனங்களிலிருந்து பல மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் முதலீட்டைத் திரும்ப எடுத்தன. டார்ஃபூருக்கு அமைதிப்படை போனது. பஷீர் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது.

பிறகு செய்தி மாறியது, கூட்டம் கலைந்தது. 2020 கடைசியில் அமைதிப்படையின் பணி முடிந்தது. கொன்றவர்களின் ஆயுதம் மட்டும் எங்கும் போகவில்லை. அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது முதலீட்டில் கைவைத்த பகுதிதான். டி-ஷர்ட்டும் விளம்பரமும் எவ்வளவு போட்டாலும் ஹெமெட்டி போன்றவர்களுக்கு ஒரு தோட்டா குறையாது. அவர்களுக்குக் காசு வரும் வழி எது என்று தேடி, அது நம் ஊரைத் தொடும் இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடலூரைத் தொடும் இடம் தங்கம்.

வட டார்ஃபூரில் ஜெபல் ஆமிர் என்ற தங்கச் சுரங்கப் பகுதியை 2017இல் ஹெமெட்டியின் ஆட்கள் கைப்பற்றினார்கள். அந்தத் தங்கத்தில்தான் அவர் ஒரு சாம்ராஜ்யமே கட்டினார். ராணுவமும் தன் பகுதித் தங்கத்தை வைத்துத்தான் போர் நடத்துகிறது. சூடான் தங்கத்தில் பெரும்பங்கு, கணக்கில் வந்ததும் கடத்தலில் போனதும், சேரும் இடம் துபாய். விரைவு ஆதரவுப் படைக்கு ஆயுதம் கொடுப்பதாகவும் அமீரகத்தின் மீதுதான் குற்றச்சாட்டு. அவர்கள் மறுக்கிறார்கள். 2025இல் சூடான் தொடுத்த வழக்கை சர்வதேச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்ற காரணத்தால். குற்றம் நடந்ததா இல்லையா என்று அது சொல்லவே இல்லை.

துபாய்க்குப் போன தங்கம் உருக்கி வார்க்கப்பட்டுவிட்டால் எந்தச் சுரங்கம் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய-அமீரக வர்த்தக ஒப்பந்தத்தில், படிப்படியாக ஆண்டுக்கு 200 டன் வரை தங்கம் 1 சதவீத வரிச்சலுகையில் இந்தியாவுக்கு வரலாம். உங்கள் வீட்டுத் தாலிச்சங்கிலியில் டார்ஃபூர் தங்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் நம்மை வைத்திருக்கிறார்கள் என்கிறேன்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது கடையில் கேட்டேன். விற்பனைப் பையன் ஹால்மார்க்கைக் காட்டினான். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு, 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் நகை விற்க முடியாது. அது தரத்தைச் சொல்லும் தம்பி, எங்கிருந்து வந்தது என்று சொல்லாது இல்லையா என்றேன். யோசித்தான். "அக்கா, சேதாரத்துக்கு அரைமணி நேரம் பேசறவங்க உண்டு. இத யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் போய்க் கேட்டான். சென்னையிலிருந்து தங்கக்கட்டி வருகிறது, அதற்கு மேல் தெரியாது என்றார் முதலாளி. கோபப்படவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் நான் கிளம்பும்போது, "எல்லாரும் கேட்டா நாங்களும் கேக்கலாம்" என்றார். அந்தப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வைரத்தில் இது நடந்திருக்கிறது. சியரா லியோனிலும் அங்கோலாவிலும் வைரம் விற்றுப் போர் நடத்தியதைச் சில சின்ன அமைப்புகள்தான் தோண்டி எடுத்து உலகத்துக்குச் சொன்னார்கள். அதன் பலனாக 2003இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. இன்று அந்தச் சான்று இல்லாமல் பட்டை தீட்டாத வைரம் சூரத்துக்குள் முறைப்படி வர முடியாது. ஓட்டைகள் நிறைய உண்டு. ஆனாலும் வைரத்துக்குக் கேட்க முடிந்ததைத் தங்கத்துக்கு ஏன் கேட்கக் கூடாது?

என் சித்தி மகன் அபுதாபியில் வேலை செய்கிறான். என் முந்தைய பதிவைப் பார்த்துவிட்டு, "அக்கா, என்னை டேக் பண்ணிடாத" என்று வாய்ஸ் அனுப்பினான். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று நம் மாவட்டத்தில் வளைகுடாச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் எத்தனை! அவன் பயம் நூற்றுக்கு நூறு நியாயம். அவர்கள் யாரையும் பேசச் சொல்லவில்லை. அவர்களால் முடியாததால் இங்கே இருக்கிற நாம் பேச வேண்டும்.

இன்னொன்று டெல்லியில் கேட்க வேண்டியது. இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவும் 1948இல் வந்த உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்று உறுதி செய்தது. தடுப்பது கடமை என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. ஆனால் நம் உள்நாட்டுச் சட்டத்தில் இனப்படுகொலை என்றொரு குற்றமே இன்றுவரை இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் 2018இல் தீர்ப்புச் சொன்ன டெல்லி உயர்நீதிமன்றம் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. அதற்குப் பிறகு புதிய குற்றவியல் சட்டமே வந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக 1946இலேயே, சுதந்திரத்துக்கு முன்பே, முதல் ஆளாக வர்த்தகத்தைத் துண்டித்த நாடு இது.

ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 2003, 2004இல் டார்ஃபூரில் செய்த கொடுமைகளுக்காக ஜஞ்ஜாவீத் தளபதி அலி குஷய்பை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 அக்டோபர் 6 அன்று குற்றவாளி என்றது. இருபது வருடத்துக்கு மேல் சாட்சியத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. சரியாக இருபது நாள் கழித்து எல் ஃபாஷர் விழுந்தது. அங்கே நடந்ததற்கும் ஒருநாள் சாட்சி தேவைப்படும்.

எங்களுக்கு இப்போது தேவைப்படுவது இவைதான். நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுக்க மனு தயாராக இருக்கிறது. இறக்குமதித் தங்கம் எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது என்று அரசு கேட்கிறதா, கேட்காவிட்டால் ஏன் என்று அவையில் எழுப்பச் சொல்லும் மனு. கையெழுத்து வாங்க நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் பக்கம் ஆட்கள் வேண்டும். புதுச்சேரி நண்பர்கள் சண்டே மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதைவிட அவசரம் மொழிபெயர்ப்பு. சூடானில் அவசரகால அறைகள் என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்களே பொதுச் சமையல்கூடம் நடத்துகிறார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகிறார்கள். 2025இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அவர்கள் எழுதுவதில் பெரும்பாலானது அரபியில் இருக்கிறது. நம்மிடம் வந்து சேர்வது ஆங்கிலச் செய்தியில் சுருக்கி வந்த மிச்சம்தான். லால்பேட்டை, பரங்கிப்பேட்டை பக்கம் அரபி நன்றாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாரம் ஒரு பக்கம் தமிழாக்கித் தந்தால் போதும். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். இன்பாக்ஸில் எழுதுங்கள், எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம் என்று அனுப்பிவைக்கிறேன்.