ஐரோப்பிய நிதியுதவி பிஎச்டி: அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

“ஐரோப்பாவில் சம்பளத்தோடு உயிரியல் பிஎச்டி செய்வது ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் பணம் கட்டி இடத்தைப் பதிவு செய்ய வேண்டும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே பொய்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் பிஎச்டி திட்டமான மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகளையே எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அங்கே கேட்பது குடியுரிமை அல்ல, இடமாற்றம்: பணியமர்த்தும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வகம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. அதனால் இப்போதுதான் ஜெர்மனியிலேயே முதுகலை முடித்த ஜெர்மானியருக்கு ஜெர்மன் ஆய்வகத்தின் இடம் கிடைக்காது; வெளியிலிருந்து வருபவருக்குக் கிடைக்கும். வதந்தி சொல்வதற்கு நேர்மாறு! ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கும் இடமில்லை.

இது வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளம் உண்டு. அறிவிப்புகள் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளமான யூராக்செஸில் (EURAXESS) இலவசமாகவே கிடைக்கின்றன. ‘சீட் புக்கிங்’ என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.

நேர்காணலில் மறக்காமல் கேளுங்கள்: நிதி பெரும்பாலும் 36 மாதங்களுக்குத்தான், எலிகளையோ ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களையோ வைத்துச் செய்யும் சோதனைகள் அந்தக் கணக்குக்குள் முடியாமல் இழுக்கலாம்; அப்படியானால் நான்காம் ஆண்டுச் சம்பளம் யார் தருவார்கள்?